வாசகர் கடிதம் எழுத மாணவர்களைப் பழக்குவது: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொழிப்பாட வகுப்பில் பல ஆண்டுகளாக மாணவர்களை நாளிதழ்களுக்குக் கடிதம் எழுத வைத்துவருகிறேன். உடன் பணிபுரிவோரும் பெற்றோரும் என்னிடம் கேட்டவற்றையும், கேட்கத் தயங்கி நின்று கடைசியில் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு சொல்லைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் பள்ளியில் இருப்பவரும் ஆசிரியர், பத்திரிகையில் இருப்பவரும் ஆசிரியர். கீழே ‘ஆசிரியர்’ என்று வரும் இடமெல்லாம் வகுப்பில் இருப்பவர். மற்றவரை ‘இதழாசிரியர்’ என்று குறிப்பிடுகிறேன்.

பாடத்திட்டத்திலேயே கடிதம் எழுதும் பகுதி இருக்கிறதே, தனியாக எதற்கு?

அது விடைத்தாளுக்கு எழுதும் கடிதம். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, இப்படிக்கு, இடம், நாள் என்று எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஆனால் அந்தக் கடிதம் யாருக்கும் போய்ச் சேராது. மதிப்பெண் போட்டதோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். அதில் சொல்லப்படும் குறையும் மாணவர் கண்ட குறையாக இருக்காது. வினாத்தாள் கொடுத்த குறையாக இருக்கும்.

வாசகர் கடிதத்தில் மாணவர் தான் கண்ட ஒன்றை, தன்னைத் தெரியாத ஒருவருக்கு, தன் பெயரைப் போட்டுச் சொல்கிறார். படிப்பவருக்கு அந்தப் பிள்ளையின் வகுப்பும் தெரியாது, முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளையா என்பதும் தெரியாது. எழுதியதை மட்டும் வைத்துத்தான் நம்புவார், அல்லது நம்பமாட்டார். இந்த அனுபவத்தை வகுப்புக்குள் வேறெந்தப் பயிற்சியாலும் கொடுக்க முடியவில்லை என்பதால்தான் இதைத் தனியாக நடத்துகிறேன். எனவே எனக்கு ஒரே ஒரு நிபந்தனை: எழுதிய கடிதம் உண்மையிலேயே அனுப்பப்பட வேண்டும். அனுப்பாமல் ‘அனுப்பியதாக வைத்துக்கொள்வோம்’ என்றால் பிள்ளைகள் மறுபடியும் விடைத்தாள் எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

எந்த வயதில் தொடங்கலாம்?

1897இல் நியூயார்க்கின் ‘தி சன்’ நாளிதழுக்கு வர்ஜீனியா ஓஹான்லன் என்ற 8 வயதுச் சிறுமி ஒரு கடிதம் எழுதினாள். சாண்டா கிளாஸ் என்று ஒருவர் இல்லை என்று தோழர்கள் சொல்கிறார்கள், ‘சன்’ இதழில் வந்தால் அது உண்மை என்று அப்பா சொல்கிறார், எனக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவ்வளவுதான் கடிதம், நாலைந்து வரி. அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று அந்த நாளிதழ் தலையங்கப் பகுதியிலேயே அதற்கு விடை எழுதியது. எழுதியவர் பிரான்சிஸ் சர்ச். அப்போது அவர் பெயர் போடப்படவில்லை. எத்தனையோ முறை மறுபதிப்பான தலையங்கம் அது. அதை வரவழைத்தது ஒரு குழந்தையின் நேரான கேள்வி.

ஆகவே, வயதுக்குக் கீழ் வரம்பு வைக்க எனக்கு மனமில்லை. சிறிய வகுப்புகளில் கேள்வியாக எழுதச் சொல்லுங்கள். 12, 13 வயதுக்கு மேல் காரணம் சொல்லி வாதிட வைக்கலாம். ‘ஏன் அப்படி நினைக்கிறாய்?’ என்று கேட்டால் ஒரு காரணம் சொல்லி, இரண்டாவதைத் தேடும் வயது அது.

‘எனக்குக் கருத்து ஒன்றும் இல்லை’ என்கிறார்கள். என்ன செய்வது?

‘உன் கருத்து என்ன?’ என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். கருத்து என்ற சொல்லுக்கு ஒரு மேடைத்தன்மை வந்துவிட்டது. பெரிய விஷயத்தில், பெரியவர்கள் மாதிரி, பிழையில்லாமல் பேசுவதுதான் கருத்து என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

‘இந்த வாரம் உனக்கு எதைப் பார்த்து எரிச்சல் வந்தது?’ என்று நான் கேட்பேன். அப்போது வாய் திறக்கும். ஒரு வாரத்துக்கு ஒரு சின்னக் குறிப்பேடு வைத்துக்கொள்ளச் சொல்வேன். நாளுக்கு ஒரு வரி போதும்: எங்கே, எப்போது, என்ன கண்டேன். ‘ஏன் இப்படி?’ என்று தோன்றினால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வாரக் கடைசியில் கேள்விக்குறி உள்ள வரிகளை மட்டும் வாசிக்கச் சொல்வேன்.

ஒருமுறை, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவியின் குறிப்பேட்டில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘சிக்னலில் தாத்தா ஒருவர் நடுவிலேயே நின்றுவிட்டார்.’ பக்கத்தில் கேள்விக்குறி. ஏன் நின்றார் என்று கேட்டேன். பச்சை விளக்கு அணைந்துவிட்டது என்றாள். எத்தனை விநாடி எரிகிறது என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். மறுநாள் தோழியுடன் கைக்கடிகாரத்தோடு போய் நின்றாள். நான்கு மாலைகள் எண்ணினார்கள். கருத்து இல்லாத பிள்ளை என்று நான் நினைத்திருந்தவள் அவள். கருத்துக்கு முன்னால் ஒரு எண் அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

தலைப்பை ஆசிரியரே கொடுத்துவிட்டால் நேரம் மிச்சமாகுமே?

மிச்சமாகும். ஆனால் வருகிற கடிதங்கள் எல்லாம் ஒரே கடிதமாக இருக்கும். தலைப்பை விட்டுவிட்டு ஒரு நாள் நாளிதழைக் கொடுங்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டி, ‘இது சரியில்லை’ அல்லது ‘இதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது’ என்று தோன்றும் ஒரு செய்தியை வட்டமிடச் சொல்லுங்கள். பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டாம் வகையில்தான் வட்டமிடுகிறார்கள். தேர்வு பற்றிய செய்தியில் அதிகாரி பேசியிருப்பார், பெற்றோர் பேசியிருப்பார், தேர்வு எழுதிய பிள்ளை பேசியிருக்காது. அந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்ட மாணவருக்குத் தலைப்பு தேவையில்லை.

நல்ல வாசகர் கடிதம் எப்படி இருக்கும்? மாதிரி காட்ட முடியுமா?

அந்தச் சிக்னல் கடிதத்தையே காட்டுகிறேன். அவள் முதலில் எழுதிக்கொண்டு வந்தது இது:

‘மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். இன்றைய அவசர உலகில் சாலை விபத்துகள் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போகின்றன. மனித உயிர் விலைமதிப்பற்றது. சம்பந்தப்பட்ட அதிகாரிகள் மெத்தனப் போக்கைக் கைவிட்டு, பாதசாரிகளின் பாதுகாப்புக்கு உரிய நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

பிழையே இல்லை. தேர்வில் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஆனால் நான்கு மாலைகள் நின்று எண்ணியது இதில் எங்கே? தாத்தா எங்கே? அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: ‘இதில் நீ மட்டுமே எழுதக்கூடிய வரி எது?’ அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ‘ஒன்றும் இல்லை’ என்றாள். மூன்று நாள் கழித்து வந்தது இது:

‘எங்கள் பள்ளி வாசலில் உள்ள சாலையின் அகலம் 14 மீட்டர். நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு 13 விநாடி எரிகிறது. நானும் என் தோழியும் நான்கு மாலைகள் நின்று எண்ணினோம். நாங்கள் நடந்தால் 12 விநாடியில் கடந்துவிடுகிறோம். கைத்தடி ஊன்றி வந்த ஒரு தாத்தாவுக்கு 23 விநாடி ஆனது. அவர் பாதி தூரம் வரும்போதே விளக்கு மாறிவிட்டது. வண்டிகள் ஒலியெழுப்ப, அவர் நடுச்சாலையில் நின்றார். பச்சை விளக்கை இன்னும் 10 விநாடி நீட்ட வேண்டும். அவரைப் போன்றவர்கள் கடக்கும் நேரத்தை அளந்து விளக்கின் நேரத்தை வைக்க வேண்டும்.’

வணக்கம் போனது, அவசர உலகம் போனது, விலைமதிப்பற்ற உயிரும் போனது. கண்டது, எண்ணியது, கேட்பது என்ற மூன்றும் மிஞ்சின. எங்கள் இயற்பியல் ஆசிரியர் இதைப் படித்துவிட்டு, சிக்னலுக்கு நேரம் வைக்கும்போது ஒருவர் விநாடிக்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக் கணக்கிடுவது நெடுநாள் வழக்கம் என்றார். 14 மீட்டரை 1.2ஆல் வகுத்துப் பார்த்தால் 12 விநாடிக்குச் சற்றுக் குறைவாக வரும். விளக்கு அவளைப் போல நடப்பவர்களுக்குப் போதுமானதாகவும் தாத்தாவுக்குப் போதாததாகவும் இருப்பது ஏன் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

எவ்வளவு நீளம்?

நாளிதழுக்கு நாளிதழ் மாறும். 150 முதல் 250 சொல் வரை கேட்கும் இதழ்கள் பல. அந்த இதழின் வாசகர் கடிதப் பகுதியில் போட்டிருக்கும் விதியைப் பாருங்கள், அதுதான் கணக்கு. என் வகுப்பில் 120 சொல் என்று வைத்திருக்கிறேன். நீளமான கடிதத்தை இதழாசிரியர் வெட்டுவார். எதை வெட்டுவார் என்பது நம் கையில் இல்லை. நாமே சுருக்கிவிட்டால் எது மிஞ்ச வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

அனுப்பும் முறையில் கவனிக்க வேண்டியது என்ன?

நல்ல கடிதங்கள் பல இங்கேதான் வீணாகின்றன. ஒரு செய்தியைப் பற்றி எழுதினால் அந்தச் செய்தியின் தலைப்பையும் வெளியான தேதியையும் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். செய்தி வந்த அன்றோ மறுநாளோ அனுப்ப வேண்டும். ஒரு வாரம் கழித்து வரும் கடிதத்துக்கு இடமிருக்காது. ஒரே கடிதத்தை ஒரே நேரத்தில் நாலு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. வேறு இதழில் வந்துவிட்ட கடிதத்தைப் போட எந்த இதழாசிரியரும் விரும்பமாட்டார்.

மின்னஞ்சல் என்றால், கடிதத்தை உடல்பகுதியிலேயே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்துக் கோப்பாக இணைத்தாலோ, கையால் எழுதிய தாளைப் படமெடுத்து அனுப்பினாலோ, அங்கே ஒருவர் உட்கார்ந்து மறுபடி அடிக்க வேண்டும். அதற்கு அவருக்கு நேரம் இருக்காது. பொருள் வரியில் ‘வாசகர் கடிதம்’ என்று போட்டு, எதைப் பற்றி என்று நாலு சொல்லில் சொல்லுங்கள். அஞ்சலில் அனுப்புவதென்றால் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும், ஓரம் விட்டு, வரிகளுக்கிடையே இடம் விட்டு எழுத வேண்டும். அந்த இடம் திருத்துகிறவருக்காக.

பிழைகளை நான் திருத்தலாமா? எதுவரை?

சந்தியும் எழுத்துப்பிழையும் திருத்தலாம். பெரியவர்களின் கடிதத்தையும் இதழ்களில் திருத்தத்தான் செய்கிறார்கள். பெயர், எண், தேதி இவற்றை மாணவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். வாக்கியம் புரியாவிட்டால் ‘எனக்குப் புரியவில்லை, வேறு விதமாகச் சொல்’ என்று சொல்லுங்கள். நீங்களே வேறு விதமாகச் சொல்லிவிடாதீர்கள்.

எனக்கே இது கடினமாக இருக்கிறது. நம் பேனா நல்ல சொல்லைத் தேடிப் போகும். ‘தாத்தா’ என்பதை ‘முதியவர்’ என்று மாற்றக் கை பரபரக்கும். நான் ஒருமுறை மாற்றியே விட்டேன். அந்த மாணவி படித்துப் பார்த்துவிட்டு, ‘இது நான் எழுதின மாதிரி இல்லை’ என்று மெதுவாகச் சொன்னாள். திரும்பவும் தாத்தாவாக்கினேன். அதன்பிறகு ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சிவப்புப் பேனாவை எடுப்பதில்லை. பென்சிலால் ஓரத்தில் கேள்விக்குறி மட்டும் போடுகிறேன்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்கலாமா?

கடிதத்தை எழுதி வாங்கக் கூடாது. முன்னே காட்டிய முதல் வரைவைப் பாருங்கள்: பிழையில்லாத, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஐந்தாறு வரி. அதை நொடியில் எழுதித் தரக் கருவி இருக்கிறது. நான்கு மாலைகள் சிக்னலில் நிற்க அதனால் முடியாது. அதோடு, பெயர் போட்டு அனுப்பும் கடிதம் என்பது ‘இதை நான் சொல்கிறேன்’ என்ற உறுதிமொழி. வேறொன்று எழுதியதற்குக் கீழே பிள்ளை தன் பெயரைப் போடப் பழகுவது எனக்குச் சம்மதமில்லை. எழுத்துப்பிழை பார்க்கவும், தன் வாதத்துக்கு யார் என்ன மறுப்புச் சொல்லக்கூடும் என்று கேட்டுப் பார்க்கவும் பயன்படுத்தினால் தடுக்கமாட்டேன்.

பெயர், முகவரி, தொலைபேசி எண் கேட்கிறார்களே. பிள்ளைகளுக்கு இது பாதுகாப்பா?

இதழ்கள் இவற்றைக் கேட்பது, எழுதியவர் உண்மையில் இருக்கிறாரா என்று சரிபார்க்க. பொதுவாக அச்சில் பெயரும் ஊரும் மட்டும்தான் வரும். ஆனாலும் பிள்ளைகள் விஷயத்தில் நான் கூடுதல் கவனம் எடுக்கிறேன். வீட்டு முகவரிக்குப் பதில் பள்ளி முகவரி. தொலைபேசி எண் என்னுடையது. பெற்றோரின் ஒப்புதல் எழுத்தில். அனுப்புவதற்கு முன் கடிதத்தைப் பெற்றோர் ஒருமுறை படித்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் பிள்ளைகளிடமே சொல்லிவிடுகிறேன். அச்சில் வந்தது இணையத்திலும் இருக்கும். 10 ஆண்டு கழித்து உங்கள் பெயரைத் தேடுபவர் இதைப் பார்க்கலாம். அப்போதும் ‘ஆமாம், நான் எழுதியதுதான்’ என்று சொல்வீர்களா? தயங்குகிற பிள்ளை பின்வாங்கட்டும். கட்டாயப்படுத்த இதில் இடமில்லை. வீட்டு நிலைமை, குடும்பத்தில் ஒருவரின் நோய், தன் உடல் பற்றியது போன்றவற்றை ஒரு பிள்ளை எழுதிக்கொண்டு வந்தால் அதை அனுப்புவது பற்றிய பேச்சை ஒதுக்கிவிட்டு, முதலில் அந்தப் பிள்ளையோடு தனியாகப் பேசுங்கள்.

புனைபெயரில் எழுதலாமா?

இதற்கு ஒரு பழைய, எனக்கு மிகப் பிடித்த கதை இருக்கிறது. 1722இல் பாஸ்டனில் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு 16 வயது. அண்ணன் ஜேம்ஸ் நடத்திய ‘நியூ இங்கிலாந்து கூரன்ட்’ இதழின் அச்சகத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தார். தன் பெயரில் கொடுத்தால் அண்ணன் போடமாட்டார் என்று தெரிந்து, ‘சைலன்ஸ் டூகுட்’ என்ற நடுத்தர வயது விதவையின் பெயரில் கடிதம் எழுதி, இரவில் அச்சகத்தின் கதவிடுக்கில் நுழைத்துவிட்டு வந்தார். இதழில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, மொத்தம் 14 கடிதம். எழுதியது யார் என்று பெரியவர்கள் கூடி ஊகித்தபோது ஊரின் படித்த மனிதர்களின் பெயர்களைத்தான் சொன்னார்களாம். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பையனை யாரும் நினைக்கவில்லை.

வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பிறகு கேட்பேன்: அவர் ஏன் தன் பெயரில் எழுத முடியவில்லை? ‘சின்னப் பையன் என்று ஒதுக்கியிருப்பார்கள்’ என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். இன்று நிலைமை வேறு. வாசகர் கடிதத்துக்கு உண்மைப் பெயர் வேண்டும் என்பது பெரும்பாலான இதழ்களின் விதி. தகுந்த காரணம் இருந்தால் இதழாசிரியரிடம் பெயரைச் சொல்லிவிட்டு, அச்சில் போட வேண்டாம் என்று கேட்கலாம். ‘வயது 14’ என்று பெயருக்குப் பக்கத்தில் போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. போடலாம். வயதைச் சொல்வதால் கடிதத்தின் மதிப்பு குறையும் என்று நினைக்க வேண்டாம். பள்ளியைப் பற்றி எழுதும்போது அது பிள்ளையின் பக்கத்துச் சாட்சி.

யாரையாவது குற்றம்சாட்டி எழுதினால் வழக்கு வருமா?

வரலாம். அவதூறு எழுதியவருக்கு மட்டுமன்றி வெளியிட்டவருக்கும் பொறுப்பு உண்டு. ஆகவே அப்படிப்பட்ட கடிதத்தை இதழாசிரியரே பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார். மாணவர்களுக்கு நான் சொல்லித்தரும் வேறுபாடு இதுதான். ‘பச்சை விளக்கு 13 விநாடி எரிகிறது’ என்பது தகவல். யார் வேண்டுமானாலும் போய் எண்ணலாம். ‘இது போதாது’ என்பது கருத்து. ‘அந்த அதிகாரிக்கு மனிதர்கள் மேல் அக்கறையே இல்லை’ என்பது தகவல் போல வேடமிட்ட ஊகம். அவர் மனதுக்குள் நாம் போய்ப் பார்த்ததில்லை. முதல் இரண்டையும் எழுதுங்கள், மூன்றாவதை அடியுங்கள். ஆளைப் பற்றி எழுதாமல் நடந்ததைப் பற்றி எழுதினால் பெரும்பாலும் வம்பு வராது.

பெரிய வகுப்பில் பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலாவின் கதையைச் சொல்வேன். 1898 ஜனவரி 13 அன்று ‘லோரோர்’ நாளிதழின் முதல் பக்கத்தில் பிரான்ஸ் குடியரசுத் தலைவருக்கு அவர் எழுதிய பகிரங்கக் கடிதம் வந்தது. நாட்டுக்குத் துரோகம் செய்தார் என்று குற்றமற்ற ராணுவ அதிகாரி ஆல்பிரட் டிரைபஸைத் தண்டித்ததில் பங்குள்ளவர்கள் என்று ராணுவ அதிகாரிகளைப் பெயர் சொல்லியே குற்றம்சாட்டினார். அவதூறு வழக்கு வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன் என்று அந்தக் கடிதத்திலேயே சொன்னார். வழக்கு வந்தது, தண்டனை வந்தது, இங்கிலாந்துக்குப் போய்விட்டார். பெயர் சொல்லிக் குற்றம்சாட்டுவதற்கு எவ்வளவு ஆதாரமும் எவ்வளவு துணிவும் வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இதிலிருந்து தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

பள்ளியைக் குறை சொல்லி எழுதினால்?

எல்லா ஆசிரியர்களும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. எனக்கும் இந்த நெருக்கடி வந்திருக்கிறது. நான் முன்பு பணிபுரிந்த ஒரு பள்ளியில், கழிப்பறையைப் பூட்டி வைப்பது பற்றி ஒரு மாணவர் எழுதினார். மேலிடத்திலிருந்து, கடிதத்தை அனுப்பாமல் நிறுத்துங்கள் என்று வந்தது. நான் நிறுத்தினேன். அந்தப் பிள்ளையிடம் ‘அடுத்த முறை வேறு விஷயம் எழுது’ என்று சொன்னேன். அவர் அடுத்த முறை எதுவும் எழுதவில்லை. அது என் தவறு, இன்றும் உறுத்துகிறது.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். பள்ளிக்குள் தீரக்கூடிய விஷயமென்றால், முதலில் தலைமையாசிரியருக்கு அதே கடிதத்தை எழுதச் சொல்கிறேன், தேதி போட்டு. நியாயமான கால அவகாசம் கொடுத்து, பதில் வராவிட்டால் அடுத்ததைப் பார்க்கலாம் என்கிறேன். இதழாசிரியரும் ‘முதலில் அவர்களிடம் கேட்டீர்களா?’ என்றுதான் கேட்பார். பிள்ளையைப் பயமுறுத்தி மட்டும் நிறுத்துவதில்லை. ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்கிறது. 13ஆம் பிரிவு எழுத்திலும் அச்சிலும் கருத்தை வெளியிடும் உரிமையைச் சொல்கிறது. நிர்வாகத்தோடு பேசப் போகும்போது இந்த இரண்டு பிரிவுகளையும் தாளில் எழுதி எடுத்துப் போவேன்.

ஆசிரியரின் அரசியல் பிள்ளைகளின் கடிதத்தில் வந்துவிடாதா?

வரும், கவனமாக இல்லாவிட்டால். நாம் எந்தப் பக்கம் என்பது ஒரு வாரத்தில் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். நமக்குப் பிடித்ததை எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு சோதனை இருக்கிறது. உங்கள் கருத்துக்கு நேர் எதிரான கடிதம் ஒன்றையாவது இந்தப் பருவத்தில் அனுப்ப உதவினீர்களா? இல்லை என்றால், பிள்ளைகள் உங்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வகுப்பே சேர்ந்து ஒரே கடிதத்தை அனுப்பலாமா?

வேண்டாம். ஒரே வாசகத்தில் முப்பது கடிதம் வந்தால், பின்னால் யாரோ இருந்து எழுத வைக்கிறார்கள் என்று இதழாசிரியருக்கு உடனே தெரிந்துவிடும், முப்பதும் போகும். ஒரே விஷயத்தில் பலருக்கு அக்கறை இருந்தால் ஒரு கடிதம் எழுதி எல்லோரும் கையெழுத்திடலாம். அதைவிட, ஆளுக்கொரு கோணத்தில் எழுதி, எதை அனுப்புவது என்று வகுப்பே கூடிப் பேசுவது எனக்குப் பிடிக்கும். அந்தப் பேச்சில்தான் மற்றவர் வாதத்தைக் கேட்கிறார்கள்.

சமூக ஊடகத்தில் ஒரு நிமிடத்தில் பதிவு போடலாமே. நாளிதழ் எதற்கு?

போடலாம், போடுகிறார்கள். ஆனால் அங்கே முதலில் படிப்பது நம்மை ஏற்கெனவே அறிந்தவர்கள். நாளிதழில் நம்மைத் தெரியாத ஒருவர் நடுவில் உட்கார்ந்து, ‘இதைப் பிறர் படிக்க வேண்டுமா?’ என்று பார்க்கிறார். அவரைத் தாண்டிப் போக, எழுதியதை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது, எண்ணைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, ஒரு இரவு காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு இரவில் பல கடிதங்கள் நல்லதாகின்றன. பாரதியாருக்குத் தன் எழுத்தை வெளியிடப் பத்திரிகைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் புதுச்சேரியிலிருந்து ‘தி ஹிந்து’ இதழாசிரியருக்கு ஆங்கிலத்தில் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தார். தன்னை வாசிக்காதவர்களிடம் போய்ப் பேச அது ஒரு வழி.

மதிப்பெண் கொடுக்கலாமா?

வெளியானதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். அது பிள்ளையின் கையில் இல்லை. குறிப்பேடு வைத்ததற்கு, சரிபார்த்ததற்கு, திருப்பி எழுதியதற்குக் கொடுக்கலாம். கருத்துக்கு மதிப்பெண் கிடையவே கிடையாது.

வெளியாகவில்லை என்றால் பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்களே?

பெரும்பாலான கடிதங்கள் வெளியாவதில்லை. இதை அனுப்புவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வருகிற கடிதங்கள் நிறைய, இடம் கொஞ்சம். என் வகுப்பில் அனுப்பிய எல்லாக் கடிதங்களின் படியும் பின்சுவரில் இருக்கும், வெளியானதும் வெளியாகாததும் ஒன்றாக. வெளியானதன் கீழே மட்டும் தேதி எழுதுவோம். சுருக்கி வெளியிட்டிருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, எந்தச் சொல் போயிருக்கிறது, ஏன் போயிருக்கும் என்று பார்ப்போம். சில நேரம் வெட்டியது நல்லதாகவே இருக்கும்; பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பொருளே மாறிவிட்டால் திருத்தம் கேட்டு எழுதலாம், மரியாதையாக, இரண்டு வரியில்.

எதிர்ப்பு வந்தால்?

மறுத்து ஒருவர் கடிதம் எழுதினால் அது நல்ல செய்தி. உங்கள் பிள்ளையை ஒரு முன்பின் தெரியாத மனிதர் மதித்து, நேரம் ஒதுக்கி வாதிடுகிறார். அவர் சொன்னதில் சரியானது எது என்று முதலில் எழுதச் சொல்லுங்கள், மறுப்பு அதன் பிறகு. இணையத்தில் கடிதத்தின் கீழ் வரும் வசைகள் வேறு. அவற்றைப் பிள்ளை படிக்க வேண்டிய அவசியமில்லை. பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, தேவையானதை மட்டும் சொன்னால் போதும்.

கடிதம் வெளியான பிறகும் எதுவும் மாறவில்லை என்றால் என்ன சொல்வது?

அந்தச் சிக்னல் கடிதம் வெளியானது. பத்து வரியில், ‘தாத்தா’ என்ற சொல்லோடு. அவள் அப்பா நாளிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் நடந்தார் என்று அவள் சொன்னாள். ஒரு மாதம் ஆயிற்று. விளக்கு 13 விநாடியே எரிந்தது. என்னிடம் வந்து, ‘மாறவில்லை’ என்றாள். என்னிடம் தேறுதல் வார்த்தை எதுவும் இல்லை. மறுபடி எண்ணினாயா என்று மட்டும் கேட்டேன். எண்ணியிருந்தாள். இம்முறை காலையிலும் எண்ணியிருந்தாள், கைக்குழந்தையோடு வந்த ஒருவருக்கு 19 விநாடி. இரண்டாவது கடிதத்தின் முதல் வரியை என் மேசையருகே நின்றுகொண்டே எழுதினாள்: ‘சென்ற மாதம் இதே பகுதியில் 13 விநாடி விளக்கைப் பற்றி எழுதியிருந்தேன். இன்று காலை 8 மணிக்கு மீண்டும் எண்ணினேன்.’